மேல் சுரமும் என் முன்பல்லும்

கொட்டாஞ்சேனை,
திருநாளுக்கு முந்திய செவ்வாய்.

அன்புள்ள சூசைதாசன் மாமாவுக்கு,

என் ட்ரம்பெட்டின் மேல் சுரத்தை உடைத்தது நீங்கள்தான். கனடாவில், ஸ்காபரோவில் இருந்துகொண்டே உடைத்தீர்கள். நீங்களும் மாமியும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். இங்கே அம்மா சுகம், நானும் சுகம், மேல் சுரம் மட்டும் சுகமில்லை. வாட்ஸப்பில் அனுப்பிய குரல் பதிவுகளை நீங்கள் கேட்பதில்லை என்பதால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நீங்கள் போய்க் கனகாலம், மறந்திருப்பீர்கள். திருநாளன்று பின்னேரம் மாதா சுரூபம் கோவில் வாசலைத் தாண்டுவதற்கு முன் முதலாம் ட்ரம்பெட் தனியாக ஊதும். கடைசிச் சுரம் மேல் சி. அது நிமிர்ந்து நின்ற பிறகுதான் சுரூபத்தைச் சுமக்கும் தண்டுக்குக் கீழே தோள் கொடுத்துக் குனிந்திருக்கும் எட்டுப் பேரும் ஒரே மூச்சில் எழும்புவார்கள். யாரும் எண்ணுவதில்லை, யாரும் கத்துவதில்லை, அந்தச் சுரம்தான் கட்டளை. அதை ஊதுகிறவன் நான். இரண்டு கிழமைக்கு முன் ஒத்திகை. சுரூபத்துக்குப் பதிலாகச் சீமெந்து மூட்டைகள் ஏற்றியிருந்தார்கள். ஊதினேன். சுரம் ஏறி, நடுங்கி, சறுக்கி விழுந்து, திரும்ப ஏறியது. முன்னால் நின்ற நாலு பேர் முதல் நடுக்கத்தோடேயே எழும்பிவிட்டார்கள். பின்னால் நின்ற நாலு பேர் ஒழுங்கான சுரம் வரட்டும் என்று குனிந்தபடியே இருந்தார்கள். மூட்டை வழுக்கி, வெடித்து, திருநாள் கமிட்டிச் செயலாளர் தலை முதல் கால் வரை சீமெந்து. ஆள் அசையவேயில்லை. இறுகிவிட்டாரோ என்று பயந்துபோனோம். "மூட்டையோட போச்சு. மாதாவா இருந்திருந்தா?" என்று யாரோ கேட்டார்கள். பேண்ட் மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "கடைசி ஒத்திகையிலயும் உடைஞ்சா டில்ஷானி ஊதட்டும்" என்றார். டில்ஷானி இரண்டாம் ட்ரம்பெட். நல்ல பிள்ளை, அதுதான் இன்னும் எரிச்சல்.

அன்றிலிருந்து ஆளுக்கொரு வைத்தியம். மூச்சுப் போதாது என்றார் மாஸ்டர். வெள்ளவத்தைக் கடற்கரையில் அலையைப் பார்த்து நீண்ட சுரமாக ஊதினேன், ரயிலில் போன சனம் கை காட்டியது, சுரம் நடுங்கியது. புறக்கோட்டையில் வாத்தியம் திருத்தும் இப்திகார் நானா வால்வுகளைக் கழற்றி, எண்ணெய் விட்டு, குழாயில் தண்ணீர் ஊற்றி ஓட்டை தேடிவிட்டு, "வாத்தியத்துல ஒண்டுமில்ல தம்பி. வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்றார். அம்மா கண்ணூறு என்று முடிவு கட்டி, எனக்குச் சொல்லாமல் மவுத்பீஸைத் தீர்த்தத்தில் ஊறப்போட்டார். அன்று சுரத்தோடு தீர்த்தமும் வந்தது, மாஸ்டரின் சட்டையில். கடைசியில் டில்ஷானி தன் ட்ரம்பெட்டை என்னிடம் தந்து என்னுடையதை வாங்கினாள். அவளுடையதில் நான் ஊத, உடைந்தது. என்னுடையதில் அவள் ஊத, கோவில் மணி மாதிரி நின்றது. "அய்யே, ட்ரம்பெட் நல்லம். நீங்கதான் பழுது" என்றாள்.

நேற்று போன வருடத் திருநாள் வீடியோவைப் போனில் போட்டுப் பார்த்தேன். ஊதி முடித்துவிட்டுச் சிரிக்கிறேன். அதில் சிரிக்கிறவனுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் நீக்கல் இருக்கிறது மாமா! மேல் உதட்டின் நடு அந்த நீக்கலுக்குள் போய் உட்காரும், மவுத்பீஸ் அங்கே அசையாமல் நிற்கும். இப்போது அந்த இடத்தில் மதில் கட்டியிருக்கிறது. கட்டச் சொன்னது யார்? நீங்கள் அங்கே எனக்குப் பேசுகிற பெண் யூஜினா வீட்டுக்குப் படம் அனுப்ப வேண்டும், "நீக்கல் பல்லோட அனுப்பினா இங்க ஒருத்தரும் பாக்கமாட்டினம்" என்று போன மாதம் அம்மாவிடம் சொன்னது யார்? அன்று பின்னேரமே அம்மா என்னைப் பம்பலப்பிட்டியில் ஒரு பல் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் நீக்கலைப் பூச்சு வைத்து அடைப்பித்தார். கப்பல் சரக்குக் கந்தோரில் கிளார்க்காக இருக்கிற என்னை 'இசைத்துறை ஆலோசகர்' என்றும் அவர்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். ஆருக்கு ஆலோசனை சொன்னேன்? சாதி பார்ப்பதில்லை என்று பெருமை பேசுகிறவர்கள் பல்லைப் பார்க்கிறீர்கள். இங்கே எத்தனை பேர் வெளிநாட்டுக்கு அனுப்பும் படத்துக்காக நிறத்தையும் மூக்கையும் வேலையையும் திருத்திக்கொண்டு நிற்கிறோம். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்க நாங்கள் என்ன மீனா?

நாளைக்கே இந்தப் பூச்சை எடுக்கப் போகிறேன். பழைய படத்தை யூஜினாவுக்கு அனுப்புங்கள். பிடிக்காவிட்டால் விடட்டும். என் பல் என்னுடையது.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. சுரூபம் வாசல் தாண்டும்போது உங்களுக்காகவும் ஒரு மன்றாட்டு உண்டு, அதற்குள் கோபம் தீர்ந்தால்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
றொஹான்
(கிளார்க்)

பி.கு.: புதன் இரவு. பூச்சை எடுத்தாயிற்று. கடைசி ஒத்திகையில் சுரம் ஏறி நின்றது. எட்டுப் பேரும் ஒன்றாக எழும்பினார்கள், செயலாளர் மட்டும் தூரத்தில் நின்று பார்த்தார். ஞாயிறு நான்தான் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அந்தச் சந்தோசப் புளுகத்தில் வீட்டுக்கு வந்து யூஜினாவுக்கு வீடியோ கோல் எடுத்து ஊதிக் காட்டினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, என்ன வடிவா ஊதுறீங்கள்" என்றாள். நான் சிரித்தேன். அவள் முகம் மாறியது. "உங்கட பல்லுக்கு என்ன நடந்தது? படத்தில இப்பிடி இல்லையே. அடைக்க ஏலாதோ?" மாமா, "ஓம், அடைக்கலாம்" என்று சொன்னது என்னுடைய வாய். எனக்கே அதிர்ச்சி. அவ்வளவு வடிவான பிள்ளை என்று நீங்கள் முதலே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற அம்மா சனிக்கிழமைக்கு டொக்டரிடம் நேரம் எடுத்தும்விட்டார். தோள் கொடுக்கப்போகிற எட்டுப் பேருக்கும் இன்னும் தெரியாது. அந்தப் படத்தை அனுப்பியது நீங்கள், நீக்கலை அடைத்தால் சுரம் நிற்காது என்று யூஜினாவிடம் சொல்ல வேண்டியதும் நீங்கள், சனிக்கிழமைக்கு முதல். போனை எடுங்கள். இதை எழுதும்போதும் ரிங் போய்க்கொண்டுதான் இருக்கிறது. எடுங்கள் மாமா.