பின்பக்கம் சாமான்

மனிதன் ஆகாயத்தில் பறக்கும்போது இடுப்பில் என்ன கட்டியிருக்க வேண்டும் என்பது பற்றி ஸ்டோலிசே தீவின் விமான நிலையத்துக்கு நெடுங்காலம் எந்தக் கருத்தும் இருந்ததில்லை. ஆடு பிடித்த கையோடு வருகிறவர்களையும் மீன் வாடையோடு வருகிறவர்களையும் அது பாரபட்சமில்லாமல் ஏற்றிக்கொண்டு போய் கிளாஸ்கோவில் இறக்கிவிட்டது. நாளுக்கு ஒரு விமானம். மழை, காற்று, மூடுபனி மூன்றும் ஒருமனதாக அனுமதித்தால் அதுவும் உண்டு.

அப்பேர்ப்பட்ட நிலையத்துக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை டோர்மட் மக்அஸ்கில் தன் வாழ்நாளின் முதல் கில்ட்டோடு, அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் முழங்கால்வரை கட்டும் கட்டம்போட்ட பாவாடையோடு, வந்து சேர்ந்தார்.

அறுபது வயதுவரை அவர் அதைக் கட்டியதில்லை. தீவில் யாருமே கட்டியதில்லை. சேற்றில் ஆடு மேய்க்கிறவனுக்கும் படகில் வலை இழுக்கிறவனுக்கும் கால்சட்டைதான் சரிப்படும். கில்ட் என்பது பிஸ்கட் டப்பா மூடிப் படத்தில் இருக்கிறவர்கள் கட்டுவது என்பதே அங்கே பொதுவான அபிப்பிராயம். ஆனால் மகள் ஷோனாக், எடின்பரோவில் ஒரு பெரிய இடத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். பையனின் அம்மா திருமதி கார்ஸ்டேர்ஸ், கல்யாணம் ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பாரம்பரிய முறைப்படி நடக்கவேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். அந்த அம்மாள் மலைநாட்டில் கால் வைத்ததே இல்லை. அதனால் அவருக்குச் சந்தேகம் எதுவும் எழவில்லை. ஆண்கள் அனைவரும் கில்ட் கட்டவேண்டும், கட்டாதவர் புகைப்படத்தில் நிற்கக்கூடாது என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டிருந்தது.

ஷோனாக் தொலைபேசியில் கெஞ்சினாள். "ஒரே ஒரு நாள்ப்பா. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு உங்க கையைப் பிடிச்சுட்டு நான் உள்ளே போகணும். அவங்க முன்னாடி என்னைத் தலைகுனிய வச்சிடாதீங்க."

பெற்ற மகள் இப்படிக் கேட்டபிறகு வீம்பு பிடிக்க முடியுமா? கிளாஸ்கோவிலிருந்து தபாலில் கில்ட் வந்தது. எட்டு கஜம் கம்பளித் துணி. முன்பக்கம் தட்டை, பின்பக்கம் முழுக்கக் கொசுவம். தூக்கினால் நனைந்த ஆட்டுக்குட்டியின் கனம் கனத்தது. கிளாஸ்கோவிலிருந்து வந்ததை இப்போது கிளாஸ்கோவுக்கே கொண்டுபோக வேண்டும்.

கொசுவம் கலையாமல் கில்ட்டைக் கொண்டுபோக ஒரு வழி உண்டு. மனைவி எஃபி கல்யாண வேலைக்காக ஒரு வாரம் முன்பே கப்பலில் போய்விட்டாள். போகுமுன், தன் பழைய நைலான் காலுறை ஒன்றின் பாதத்தை வெட்டி எறிந்து, கில்ட்டை நீளவாக்கில் இறுகச் சுருட்டி அதற்குள் திணித்து வைத்திருந்தாள். இறைச்சி திணித்த பெரிய சாசேஜ் மாதிரி இருந்த அதை டோர்மட் கைப்பையில் அடைத்துக்கொண்டார். விமானத்தின் அடியறையில் போட அவருக்கு மனமில்லை. போன வருஷம் பாதிரியாரின் பெட்டி தன்னந்தனியாக ஸ்பெயினுக்குப் போய், வெயிலில் வெளுத்துத் திரும்பி வந்ததைத் தீவே பார்த்திருக்கிறது.

கவுண்டரில் இவாண்டர் உட்கார்ந்திருந்தார். டோர்மட்டின் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆனால் தலைமையகம் அண்மையில் அவரை அழைத்துப் பயிற்சி கொடுத்து, தோளுக்கு ஒரு பட்டையும் கைக்கு ஓர் அளவுநாடாவும் வழங்கியிருந்தது. அதுமுதல் அவருக்கு முன்பின் தெரிந்தவர் என்று யாரும் இல்லை.

"பயணி அவர்களே, உங்க பை சட்டத்துக்குள்ள போகலை," என்றார். பை நுழைந்து பார்ப்பதற்காக அங்கே ஓர் இரும்புச் சட்டம் இருந்தது.

"இவாண்டர், நான்தான்டா டோர்மட்."

"அது உங்க அடையாள அட்டையிலேயே இருக்கு சார்."

இருந்தாலும் இவாண்டர் நல்ல மனுஷர். உடுத்தியிருப்பது சாமான் கணக்கில் வராது என்று ரகசியம்போல் சொல்லிக்கொடுத்தார். டோர்மட் கழிப்பறைக்குப் போய், கால்சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, கில்ட்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். வரிசையில் நின்றவர்கள் பிஸ்கட் டப்பா திறந்துகொண்டதைப் பார்த்ததுபோல் பார்த்துவிட்டு, நாகரிகம் கருதித் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். பை சட்டத்துக்குள் போனது.

இவாண்டர் மட்டும் டோர்மட்டின் பின்பக்கத்தையே கவலையோடு நோக்கினார். சில பயணிகள் மூன்று நான்கு கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நிறுவனத்தை வஞ்சிப்பதால், ஒரு புதிய சுற்றறிக்கை வந்திருந்தது. கண்ணியத்துக்குத் தேவையான அளவுக்கு மேற்பட்ட துணி அனைத்தும் உடம்பின்மீது சுமக்கப்படும் சாமானாகவே கருதப்படும் என்று அதில் கண்டிருந்தது.

"கண்ணியத்துக்கு எவ்வளவு துணி வேணும்?" என்று டோர்மட் கேட்டார்.

"அது ஆளைப் பொறுத்தது." இவாண்டர் இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தார். "உங்க கண்ணியத்துக்கு ஒண்ணேகால் கஜம் போதும். மீதி சாமான்."

"மீதி எங்கே இருக்கு?"

"பின்னாடி."

ஆக, டோர்மட்டின் முன்பக்கம் பயணி என்றும் பின்பக்கம் சாமான் என்றும் முடிவாயிற்று. கொசுவத்தில் ஒரு சாமான் சீட்டும் தொங்கவிடப்பட்டது. சாமான் என்று வந்துவிட்டால் சாமானிடம் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

"இந்தச் சாமானை நீங்களேதான் கட்டினீங்களா?"

"நானேதான். கக்கூஸ்ல."

"கட்டினப்புறம் உங்க கண்பார்வையை விட்டு விலகியிருந்துச்சா?"

டோர்மட்டுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "பின்னாடியில்ல இருக்கு. நான் எப்படிப் பார்க்கிறது?"

"அப்போ அது கவனிப்பாரில்லாம கிடந்த சாமான்." இவாண்டரின் முகம் இருண்டது. "உள்ளே என்ன இருக்கு?"

"நான் இருக்கேன்."

இதற்குமேல் சுற்றறிக்கையில் வழியில்லை. சாமான் ஊடுகதிர் இயந்திரத்துக்குள் போய்த்தான் ஆகவேண்டும், பயணியோ அதற்குள் போகவே கூடாது. போகட்டும் என்று விட்டாலும் சாமானை இருக்கையில் வைக்க அனுமதி கிடையாது, தலைக்கு மேலே உள்ள அறையில்தான் வைக்கவேண்டும். பின்பக்கத்தை மேலே வைத்துவிட்டு முன்பக்கம் மட்டும் இருக்கையில் உட்கார முடியுமா என்று இவாண்டர் உண்மையாகவே யோசித்தார். அவருக்கு வியர்த்துவிட்டது.

விமானி மைரி உள்ளே எட்டிப் பார்த்தாள். "டோர்மட் மாமா, காத்து திரும்புது. இப்பக் கிளம்பலைன்னா இன்னிக்கு விமானமே கிடையாது. சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க."

சாமானைக் கழற்றி அடியறைக்கு அனுப்பினால் சிக்கல் தீரும் என்றார் இவாண்டர். டோர்மட்டுக்கு ஸ்பெயினுக்குப் போன பெட்டி நினைவுக்கு வந்தது. கில்ட் இல்லாத அப்பா போவதா, இல்லை அப்பாவும் கில்ட்டும் சேர்ந்து இங்கேயே கிடப்பதா? மூன்று மணிக்கு ஒரு பெண் கை நீட்டிக்கொண்டு நிற்பாள். அவர் மறுபடியும் கழிப்பறைக்குப் போனார். விடியற்காலையில் ஆட்டுக்குப் பிரசவம் பார்த்த கால்சட்டையை மாட்டிக்கொண்டு, கில்ட்டை இவாண்டரிடம் கொடுத்துவிட்டு விமானத்தில் ஏறினார்.

கிளாஸ்கோவில் டோர்மட் இறங்கினார், கில்ட் இறங்கவில்லை. அங்கே கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துப் பணிவோடு விளக்கம் சொன்னாள். சாமானின் உரிமையாளர் பாதிதான் ஏறியிருக்கிறார் என்று பதிவாகியிருக்கிறது, உரிமையாளர் முழுசாக ஏறாத சாமான் பறக்கக்கூடாது, ஆகவே கில்ட் ஸ்டோலிசேயில் பத்திரமாக இருக்கிறது, இதெல்லாம் அவருடைய பாதுகாப்புக்காகத்தான் என்றாள். டோர்மட் நன்றி சொல்லிவிட்டு எடின்பரோவுக்கு டாக்சி பிடித்தார்.

கல்யாணம் நடக்கும் விடுதி வாசலில் எங்கே பார்த்தாலும் கில்ட். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தோழர்கள், படம் எடுக்கிறவர், கார் நிறுத்துகிறவர், அத்தனை பேரும் வாடகைக் கில்ட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காதில் கருவி மாட்டிய ஒரு கல்யாண நிர்வாகி டோர்மட்டை மறித்தாள்.

"சரக்கு இறக்குறவங்க பின்வாசல் வழியா வாங்க."

"நான் பொண்ணோட அப்பா."

அவள் கையிலிருந்த அட்டையைப் புரட்டினாள். "அப்பான்னா கில்ட்ல இருக்கணுமே சார். நீங்க தப்பா நினைக்கக் கூடாது, சமையலறைப் பக்கத்துல இருந்து எல்லாமே நல்லாத் தெரியும். பொண்ணைக் கூட்டிட்டுப் போறதுக்கு எங்க வாசல்காரரே இருக்கார். உயரமும் சரியா இருக்கும், படத்துக்கும் எடுப்பா இருக்கும்."

வாசல்காரர் முன்னால் வந்து முழங்கையை வளைத்துக் காட்டினார். மகளைத் தலைகுனிய வைத்தே விட்டோம், பேசாமல் பின்வாசலுக்குப் போய்விடலாம் என்று டோர்மட் நிஜமாகவே திரும்பினார். அதற்குள் படிக்கட்டில் ஷோனாக் வந்துவிட்டாள். சேறு காய்ந்த கால்சட்டையைப் பார்த்தாள், முழங்கை தைத்த கம்பளிச் சட்டையைப் பார்த்தாள்.

"கில்ட்டை ஏத்தலைம்மா," என்றார் டோர்மட். "நான் மட்டும் வந்துட்டேன்."

ஷோனாக் வாசல்காரரின் முழங்கையைத் தாண்டி வந்து அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டாள். "ஆட்டு வாடை அடிக்குதுப்பா," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். டோர்மட் அழுதார். மூன்று மணிக்கு இருவரும் உள்ளே நடந்தார்கள்.

மண்டபமே சேற்றுக் கால்சட்டையைத் திரும்பிப் பார்த்தது. சடங்கு முடிந்ததும் திருமதி கார்ஸ்டேர்ஸ் எழுந்து வந்து சம்பந்தியின் சட்டையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். எஃபி கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன ஒரு தத்ரூபம். இதை எங்கே வாடகைக்கு எடுத்தீங்க? சேறுகூட அசலா இருக்கே."

"சேறு சொந்தம்," என்றார் டோர்மட்.

அந்த அம்மாள் நிர்வாகியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் வேலை அன்றே போயிருக்கும். இப்படி ஓர் அசல் பாரம்பரியம் இருக்கும்போது எங்கள் ஆண்களை ஏன் பாவாடை கட்டவைத்தாய் என்று கேட்டது அந்தப் பார்வை. படத்தில் டோர்மட் நடுவில் நின்றார். கில்ட் கட்டியவர்கள் ஓரத்துக்குப் போனார்கள்.

அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த குட்டி போடும் பருவத்துக்குள், எடின்பரோவில் கௌரவமான எந்த மாப்பிள்ளையும் கில்ட்டில் மணமேடை ஏறத் துணியவில்லை. சேறு பூசிவிடவே தனியாக ஆட்கள் வந்துவிட்டார்கள். உடை வாடகைக் கடைக்காரர்கள் ஸ்டோலிசேக்கு வந்து வீடு வீடாகப் பழைய கால்சட்டைகளைக் கேட்டார்கள். தங்களுக்கு இனி உதவாத கில்ட்டுகளை மூட்டை மூட்டையாகப் பதிலுக்குக் கொடுத்தார்கள். இப்படியும் ஏமாளிகள் இருப்பார்களா என்று தீவே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துக்கொண்டே கடைசிக் கால்சட்டைவரை கழற்றிக் கொடுத்துவிட்டது. டோர்மட்டும் கொடுத்தார்.

ஆகவே இப்போதெல்லாம் ஸ்டோலிசேயில் ஆண்கள் கில்ட் கட்டிக்கொண்டுதான் ஆடு மேய்க்கிறார்கள், வலை இழுக்கிறார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் விமானத்தில் வருகிறார்கள். போன வாரம் அப்படி வந்த ஒருவர், சேற்றில் நின்றிருந்த டோர்மட்டைப் பயபக்தியோடு படமெடுத்துவிட்டு, இந்த வழக்கம் உங்கள் தீவில் எத்தனை காலமாக இருக்கிறது என்று கேட்டார்.

டோர்மட் முழங்காலில் கடித்த கொசுவை அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆதிகாலத்துல இருந்தே," என்றார்.