உருண்டைப் பாட்டு

பாட்டு ஒல்லியாக இருந்தது. காதுக்கு அல்ல, கண்ணுக்கு.

இடது, வலது ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஓசையைத் திரையில் படமாக வரைந்து காட்டும் மீட்டரை வாங்கிய நாளிலிருந்தே ஒலிப்பதிவாளர் காதுகளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். இன்று படம் நட்டுவைத்த குச்சி மாதிரி நின்றது.

மாலையில் தயாரிப்பாளர் மாமியாரோடு வருகிறார். பாடியது அந்த அம்மாளின் ஒரே மகன். அம்மாளுக்குப் பிடித்தால் ஆல்பம் வேலை முழுக்க ஒலிப்பதிவாளருக்கு. இல்லாவிட்டால் எதிர்வரிசை ஸ்டூடியோவுக்கு.

"நல்லாத்தானே இருக்கு?" என்று எட்டிப் பார்த்தாள் மனைவி.

"கேக்காதே, பாரு! இப்படி நோஞ்சானா இருந்தா யாரு மதிப்பாங்க?"

அகலம் கூட்டும் குமிழைத் திருகினார். குச்சி உப்பியது, ஆனால் கீழே இருந்த முள் சிவப்பில் விழுந்தது. இடமும் வலமும் அடித்துக்கொள்கின்றன என்று அர்த்தம். முள்ளைத் தூக்கினால் படம் இளைத்தது. கடைசியில் குரலின் அலையை மட்டும் ஒரு பக்கம் தலைகீழாகப் புரட்டினார்.

அடடா! படம் பூசணிக்காயாக உருண்டது. முள்ளும் நட்டநடுவில் நின்றது.

"ஏங்க, யாரோ நம்ம முதுகுக்குப் பின்னால குளியலறையில பாடற மாதிரி இருக்கே?"

"அதுக்குப் பேருதான் அகலம். போய் வேலையப் பாரு."

மாமியாரோடு வந்த தயாரிப்பாளர் திரையைப் பார்த்துச் சொக்கிப்போனார். "என்ன லட்சணம்! அத்தை அவங்க போன்லதான் கேப்பாங்க. அதுல போடுங்க."

அது ஒற்றை ஸ்பீக்கர் போன். புல்லாங்குழல் வந்தது, மேளம் வந்தது. குரல் வரவில்லை. நேரும் தலைகீழுமாக இருந்த இரண்டு பக்கக் குரலும் ஒரே ஸ்பீக்கருக்குள் மோதி ஒன்றையொன்று அழித்துவிட்டன.

ஒலிப்பதிவாளர் சத்தத்தைக் கூட்டினார். மேளம்தான் கூடியது. போனைத் திருப்பினார், தட்டினார், உதறினார்.

"எங்கய்யா என் மச்சினன்?" என்று தயாரிப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"திரையில இருக்காருங்க."

"மாமியார் என்னை உரிச்சுடுவாங்கய்யா!"

அம்மாள் மட்டும் கண்ணை மூடி, தலையாட்டியபடி கடைசிவரை கேட்டார். பிறகு போனை வாங்கிப் பைக்குள் பத்திரப்படுத்தினார்.

"மீதிப் பாட்டையும் இவருக்கே குடுத்துடுங்க மாப்பிள்ளை. என் புள்ளை பாடினதுலயே இதுதான் கேக்கற மாதிரி இருக்கு."