அரப்பக்காவும் என் தலையில் இறங்கிய ஆத்தாவும்

செம்மேட்டு நாய்கள் பஸ்ஸைப் பார்த்துக் குரைக்கும். லாரியைப் பார்த்துக் குரைக்கும். நாமக்கல்லிலிருந்து ஜீப்பில் வரும் பெரிய அதிகாரிகளை டயரோடு சேர்த்துக் கடிக்கப் பார்க்கும். அரப்பக்காவைப் பார்த்து மட்டும் ஒரு நாய்கூடக் குரைத்ததில்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பெஞ்சுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்திருந்தால் கொல்லிமலை மனிதர்களும் அதையேதான் செய்திருப்பார்கள்.

நான் அப்போது செம்மேட்டில் ஓர் அலுவலகத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சொந்த ஊர் ராசிபுரம். வாழவந்தி நாட்டுப் பக்கம் (மலையில் பல ஊர் சேர்ந்த பகுதிக்கு நாடு என்று பெயர்) ஒரு ஓட்டு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அரப்பக்காவின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. அரப்பு இலையைப் பறித்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்துச் சந்தையில் விற்பாள். தலைக்குத் தேய்த்துக் குளிக்க அதைவிட நல்ல பொடி கிடையாது என்பதால் பயந்துகொண்டே எல்லோரும் வாங்குவார்கள். பனிமூட்டம் இறங்கிவிட்டால் மலையில் நண்பகலுக்கும் விளக்கு வேண்டும். அந்த மூட்டத்துக்குள் முதலில் அரப்பு வாசம் வரும். அதன்பிறகு கொஞ்ச நேரம் யாரும் வரமாட்டார்கள். திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருப்பாள், நெடுநெடுவென்று, தலையில் பெரிய துணிக்கட்டோடு.

விரித்த தலையை மட்டும் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. பஸ் ஸ்டாப்பில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு செல்போன் பார்க்கும் காலேஜ் பெண்கள், பஸ் ஏறும்போது பின்னலோடு ஏறுவார்கள். எப்போது பின்னினாள் என்று அவர்களுக்கே தெரியாது. ஒருமுறை எங்கள் ஆபீஸுக்கு ஆய்வுக்கு வந்த மேடம், பார்லரில் நீட்டிவிட்ட கூந்தலோடு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மூட்டம். உள்ளே அரப்பு வாசம். எங்களுக்கெல்லாம் தெரிகிறது, ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம். மேடம் எழுந்தபோது முதுகில் தளர்வான ஒரு பின்னல், நுனியில் வாழைநார் முடிச்சு. தொட்டுப் பார்த்தவர் நேராகப் போய் ஜீப்பில் ஏறிவிட்டார். அந்த ஆண்டு ஆய்வறிக்கை வரவே இல்லை.

இப்படிப் பிறர் தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அம்மை போட்டது.

அம்மை என்றால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். எண்ணெய் கூடாது, சீப்பு கூடாது, தலையைத் தொடவே கூடாது. அறையை வாடகைக்குக் கொடுத்திருந்த ஊட்டுக்காரம்மா என்னை வேப்பிலையில் படுக்கவைத்து, கூழ் ஊற்றி, பெற்ற மகளைப் போலத்தான் பார்த்துக்கொண்டார். முத்துகள் இறங்கி, மூன்றாவது தண்ணீர் தலைக்கு ஊற்றிய பிறகு, ஆசையாகச் சீப்பை எடுத்தேன். பல நாள் படுக்கையில் புரண்ட தலை. மஞ்சளும் வேப்பிலைத் தண்ணீரும் வேறு சேர்ந்து, பின்மண்டை முழுக்க ஒரே சடையாகத் திரண்டிருந்தது. சீப்பு இரண்டாக உடைந்தது. சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் சீப்பு. அது உடைந்ததில் தெய்வ சங்கல்பம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஊட்டுக்காரம்மாவுக்குத் தோன்றியது.

"ஒடம்புல எறங்குன ஆத்தா போகலீங்க. தலையில தங்கிட்டா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா என் காலில் விழுந்தார்.

அதற்குப் பிறகு என் அறையில் கட்டில் போய் மணை வந்தது. எண்ணெய்ப் புட்டியையும் கத்திரியையும் எடுத்துப் போய்விட்டார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். காணாமல் போன கோழி எங்கே, மகன் பரீட்சையில் தேறுவானா என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பரீட்சை விஷயத்தில் நான் பையனின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னேன். காய்ச்சலின்போது "மொளகு நனையுது" என்று நான் பிதற்றியதாகவும், அன்று சாயங்காலமே பக்கத்துக் களத்தில் காய்ந்த மிளகு மழையில் நனைந்ததாகவும் ஒரு பேச்சு திருப்புளி நாடு வரை போயிருந்தது. கொல்லிமலையில் மிளகு நனையும் என்று சொல்ல ஆத்தா எதற்கு? ஜன்னல் போதும்.

ஆனால் ஒரு விஷயத்தை இன்றுவரை என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை. புருஷன் விட்டுப்போன ஒரு பெண் வந்து, ஒன்றும் கேட்காமல் என் எதிரில் உட்கார்ந்து அழுதாள். "வருவான். கையில்லாம வருவான்" என்று யாரோ சொன்னார்கள். சொன்னது என் வாய். நான் அப்படி எதுவும் நினைக்கவே இல்லை. அன்றிலிருந்து சடை கனக்க ஆரம்பித்தது. படுத்தால் தலைக்குப் பக்கத்தில் இன்னொரு தலை படுத்திருப்பதுபோல இருக்கும். நான் புரளாதபோதும் அது புரண்டது. மெய்யாகவே பயந்துபோனேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். வந்து கூட்டிக்கொண்டு போ என்று அழுதேன். அம்மாவும் அழுதாள். பிறகு குரல் மாறியது.

"வெள்ளிக்கெழம சொந்தக்காரங்களோட வாரேனுங்க தாயி. கொறை ஏதாச்சும் இருந்தா பொறுத்துக்குங்க."

என்னை "ஏண்டி பாப்பா" என்று தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டறியாத என் அம்மா, என்னை வாங்க போங்க என்றாள். போனை வைத்தேன். எனக்குத் தாய் இல்லாமல் போய்விட்டது என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை சடைக்கு மஞ்சள் காப்பு என்று முடிவாகியிருந்தது. ஊட்டுக்காரம்மா அம்மாவுக்கும் சொல்லியனுப்பியிருந்தார். மஞ்சள் வைத்துவிட்டால் முடிந்தது கதை. சாகும்வரை அதில் எண்ணெயோ சீப்போ படக்கூடாது. கல்யாணம் கிடையாது, வேலை கிடையாது, ராசிபுரம் கிடையாது. அந்த மணைதான். எனக்கு வயது இருபத்து நான்கு.

வியாழன் மத்தியானம் ஊட்டுக்காரம்மா மஞ்சள் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மூட்டம் ஓட்டு இடுக்கு வழியாக அறைக்குள்ளேயே இறங்கியிருந்தது. கதவைத் தாழ் போட்டிருந்தேன். முதலில் அரப்பு வாசம் வந்தது. வெளியே நாய் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன், முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அன்று அவள் கதவைத் தட்டினாள்.

திறந்ததும் என்னை உட்காரவைத்து, கொண்டுவந்த விளக்கெண்ணெயை முழுக்கத் தலையில் கவிழ்த்தாள். எண்ணெய் காதுக்குள்ளும் கழுத்துக்குள்ளும் வழிந்தது. சீப்பை எடுக்கவில்லை. நுனியிலிருந்து விரலாலேயே இழை இழையாகப் பிரித்தாள். எல்லோரும் உச்சியிலிருந்து நுனிக்கு இழுத்துத்தான் சிக்கைச் சடையாக்குகிறார்கள் என்பது அவளுடைய கட்சி. ஒரு முடி அறுந்தாலும் "ச்சு" என்று தனக்கு வலித்தமாதிரிச் சொல்லிக்கொண்டாள். பிரித்த முடியைக் கற்றை கற்றையாக எடுத்து, மறுபடி சிக்காமல் உடனுக்குடன் பின்னி நார் கட்டினாள்.

பாதி பிரித்திருந்தபோது ஊட்டுக்காரம்மா திரும்பி வந்துவிட்டார். வாசலிலேயே மஞ்சள் பொட்டலம் கீழே விழுந்தது. ஆத்தாவின் மேல் கை வைத்தால் கண் அவிந்துபோகும், குலம் விளங்காது என்று கத்தினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஏனென்றால் அந்த நேரத்தில் நானும் அதை நம்பினேன்.

அரப்பக்கா கையிலிருந்த கற்றைக்கு நார் கட்டி முடித்தாள். எழுந்து நின்று தலைத்துணியை அவிழ்த்தாள்.

உள்ளேயிருந்து ஒன்று இறங்கியது. உலக்கைத் தடிமனில், சாம்பல் நிறத்தில் ஒற்றைச் சடை. இடுப்பைத் தாண்டி, முழங்காலைத் தாண்டித் தரையில் மெதுவாகப் படிந்து சுருண்டது. ஊட்டுக்காரம்மா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது திண்ணனூர் நாட்டில் சடை விழுந்த ஒரு பெண் சடைச்சாமியாக மணையில் இருந்தாளாம். மலை மொத்தமும் போய்க் கும்பிட்ட சாமி. ஒரு நாள் மணை காலியாகக் கிடந்ததாம்.

"நாஞ் சொல்றேன் கேட்டுக்க. இவ தலையில ஆத்தா இல்ல, சிக்குத்தான் இருக்குது. போயி வடிகஞ்சி கொண்டா."

ஊட்டுக்காரம்மா ஓடினார். சாமியே சொன்னபிறகு மனுஷி என்ன செய்ய முடியும்?

கஞ்சித் தண்ணீரில் அரப்பைக் குழைத்து என் தலையை அலசும்போது அரப்பக்கா என் காதோரம் பேசினாள்.

"எனக்குப் பத்து வயசுல அம்ம போட்டுது கண்ணு. அப்ப எண்ணெ ஊத்த ஒரு ஆளு வல்ல."

மறுநாள் சொந்தபந்தங்களோடு வந்த அம்மா, வாசலில் கையைக் குவித்தபடி நுழைந்தாள். மூட்டம் விலகியிருந்தது. ஈரம் உலர்ந்த தலையில் ரெட்டைப் பின்னலோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். குவித்த கையை இறக்கியவள், "ஏண்டி பாப்பா, பாதி முடியக் காணோமேடி" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் திட்டத் திட்ட எனக்கு உயிர் வந்தது.

ஆத்தா இல்லை, சிக்குத்தான் என்று நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பெண்ணின் புருஷன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஏதோ மில்லில் மெஷினில் சிக்கி வலது கை போயிருந்தது. அரப்பக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அரப்பைச் சலித்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் கேட்டேன், உங்கள் சடையையும் பிரித்துவிடட்டுமா, நுனியிலிருந்து மெதுவாகச் செய்கிறேன் என்று.

"வேண்டாங் கண்ணு. இத்தன வருசமா எங்கூடவே இருந்துட்டா. இப்ப எறக்கி உட்டா அவ எங்க போவா?"

யார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது எனக்குத் திருமணமாகி, ஈரோட்டில் இருக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு முறையாவது விளக்கெண்ணெயோடு மலை ஏறுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு துணியை அவிழ்த்து என் மடியில் தலையைச் சாய்ப்பாள். தேய்க்கத் தேய்க்கத் தூங்கிவிடுவாள். அவள் தூங்கிய பிறகும் சில நேரம் அந்தச் சடை மட்டும் என் கைக்குள் லேசாக நெளியும். முன்பெல்லாம் கையை எடுத்துவிடுவேன். இப்போது எடுப்பதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்தே தேய்த்துவிடுகிறேன்.