தோள் உடைந்தும் ஆடிய வெள்ளைக்காரர்

படித்த நல்ல விஷயத்தை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அக்கா வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லக்கூடாது. நான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் ஜாஃபர் மச்சான், எங்கள் கடலூர் ஃபுட்பால் டீமுக்குக் கேப்டன். நாற்பதைத் தாண்டியவர், தொப்பை தனி. ஒருநாள் திருப்பாதிரிப்புலியூர் டீக்கடையில், ஃபோனில் படித்த ஓர் இங்கிலாந்து ஆட்டக்காரரின் கதையை அவரிடம் அளந்தேன். சுரங்கத் தொழிலாளியின் மகன். ஐம்பதுகளில் ஆடியவர். கடைசிவரை ஒரே கிளப். மேட்சுக்கு ரசிகர்களோடு பஸ்ஸில்தான் போவார். காயம்பட்டால் மாற்று ஆள் இறக்க அப்போது விதி கிடையாது. ஒருமுறை தோள் எலும்பு முறிந்தும் கையைக் கட்டிக்கொண்டு முழு ஆட்டமும் ஆடினார். மச்சான் டீயை ஆறவிட்டுக் கேட்டார். (அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

அந்தச் சமயம் புவனகிரியில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். நான் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டதும், அது சரியானதும் பழைய கதை. ஆனால் எவனோ ஒரு புண்ணியவான், மாப்பிள்ளை நொண்டி என்று பெண்ணைப் பெற்ற அத்தா காதில் ஓதிவிட்டான்.

"சிதம்பரத்துல மேட்ச் இருக்குல்ல, வந்து பாக்கச் சொல்லு. செகண்ட் ஆஃப்ல என் எடத்துல உன்ன எறக்குறேன்" என்றார் மச்சான்.

பெண்ணின் அத்தா வந்தார். என் அத்தாவோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் பெஞ்சில். இடைவேளைக்கு முன்பே மச்சானுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று பூட்ஸ் கயிற்றை இறுக்கினேன்.

"வெளிய வாங்க மச்சான்."

"அந்த மனுசன் எலும்பு ஒடஞ்சும் ஆடுனாரு. எனக்கு முட்டிதானடா."

"அவருக்கு மாத்த ஆளு இல்ல. நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேனே."

"கேப்டன் பாதியில போனா டீம் என்னாவும்? உக்காருடா."

கடைசிவரை நொண்டினார். மூன்று கோல் வாங்கினோம், மூன்றும் அவர் பக்கமாகவே. விசில் ஊதியதும் பெண்ணின் அத்தா குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓடினேன். காலி மைதானத்தில், பந்தே இல்லாமல், "பாருங்க மாமா, காலப் பாருங்க" என்று கத்திக்கொண்டு முழு ரவுண்டு. சிதம்பரத்துக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், பாவிகள்.

மூச்சிரைக்க அவர் முன்னால் போய் நின்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"காலு நல்லாத்தான் இருக்கு" என்றவர், என் அத்தா பக்கம் திரும்பினார். "தலைய எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க பாய்."

பெண்ணைக் கொடுத்தார். அந்தச் சம்பந்தமே தன் முட்டியால்தான் கூடியது என்று மச்சான் இன்றுவரை ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். அதைக் கேட்டு நான் எகிறும்போதெல்லாம் என் மனைவி நிதானமாக எழுந்து வாசல் கதவைத் திறந்துவிடுவாள்.

"ஒரு ரவுண்டு ஓடிட்டு வாங்க."