கல்லுமூஞ்சிக்கு ஒரு கிரீடம்

அந்த ஞாயித்துக்கிழமை ஜெயிச்சே தீர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன்! உலகமே எதிர்த்து வந்தாலும் சரி. உலகம் வராதுங்க, அதுக்கு வேற வேலை இருக்கு. என் சம்சாரம் வருவா. அதான் பயம்.

நான் பூட்டு சாவிக் கடை வெச்சிருக்கேன். சாவி வெட்டுற நேரம் போக மீதி நேரமெல்லாம் ஃபோன்ல போக்கர்ங்கிற சீட்டாட்டம். காசு பணம் கிடையாது, சும்மா புள்ளிதான். புதுசா கத்துக்கிறவங்களுக்குன்னு ஞாயித்துக்கிழமை காலைல ஒரு போட்டி வெச்சிருந்தாங்க. ஜெயிச்சா பேருக்குப் பக்கத்துல ஒரு குட்டிக் கிரீடம் போடுவாங்களாம். அங்க என் பேரு 'கல்லுமூஞ்சி'. கல்லுமூஞ்சிக்குக் கிரீடம்! நினைச்சாலே புல்லரிக்குது.

சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே தேறியிருந்தேன். முன்னெல்லாம் கைக்கு வந்த சீட்டையெல்லாம் கட்டிக்கிட்டு அழுவேன். இப்ப மட்டமான சீட்டுன்னா முதல்லயே கவுத்துப் போட்டுட்டு எதிராளிய வேடிக்கை பாப்பேன். பட்டுன்னு புள்ளி வைக்கிறவன் கையில சரக்கு இருக்கு. இழுத்து இழுத்து யோசிக்கிறவன் புளுகுறான். இது என் கண்டுபிடிப்பு!

இன்னொருத்தருக்குச் சொல்லிக் குடுத்தா நமக்கு நல்லா ஏறுமாமே. ஆள் தேடுனேன். வீட்லயே இருந்தா.

"இங்க பாரு. கையில ஒண்ணுமே இல்ல. ஆனா எல்லாம் இருக்கிற மாதிரி புள்ளிய ஏத்திக்கிட்டே போறேன். எதிராளி பயந்து சீட்டைப் போட்டுட்டு ஓடிடுவான். இதுக்குப் பேரு பிளஃப்."

"அதாவது பொய்."

"பொய் இல்லடி, திறமை!"

"சிரிக்காம இருக்கணுமோ?"

"ஃபோன்ல யாரு மூஞ்சியப் பாக்குறா? ஆரம்பத்துல இருந்து ஒரே கதையா சொல்லணும், அவ்வளவுதான். நடுவுல மாத்துனா மாட்டிக்குவோம்."

"ஓஹோ"ன்னுட்டு அவ வெங்காயம் உரிக்கப் போயிட்டா. இவ மண்டையில ஏறாதுன்னு விட்டுட்டேன்.

வியாழக்கிழமை குண்டைத் தூக்கிப் போட்டா.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வீடு மாத்துறா. காலைலயே போகணும். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பீரோவ நீங்கதான் ஒரு பக்கம் பிடிக்கணும்."

அந்தப் பீரோவ நான் பாத்திருக்கேன். உள்ள ஒரு குடும்பத்தையே வாடகைக்கு வைக்கலாம்!

என் கிரீடமா, அவ பீரோவா? பிளஃப்தான் ஒரே வழி. அந்த நிமிஷமே இடுப்பைப் பிடிச்சேன். வெள்ளிக்கிழமை நொண்டுனேன். சனிக்கிழமை சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். ஒரே கதை! கடைக்கு வந்தவங்ககிட்டகூட முனகிக்கிட்டேதான் சாவி குடுத்தேன். ஞாயித்துக்கிழமை கட்டிலை விட்டே எழுந்திரிக்கல. தலகாணிக்கு அடியில ஃபோன் தயாரா இருந்துச்சு.

"ஏங்க, கெளம்பலையா?"

"ஐயோ... இடுப்பு..."

"ரொம்பவா?"

"நகரவே முடியல."

"அப்ப குளிக்க வேணாம்."

இது நல்லாருக்கே! "வேணாம்."

"காபியும் வேணாம். உடம்புக்குச் சூடு."

இது கொஞ்சம் வலிச்சுது, நெசமாவே. "வே... வேணாம்."

"சரி, எதிர் வீட்டு டாக்டரை வரச் சொல்லிட்டேன். இடுப்புலயே குத்துற ஊசி இருக்காம், இவ்ளோ நீளம். பையத் தூக்கிட்டு வந்துக்கிட்டே இருக்காரு. கவுந்து படுங்க."

பட்டுன்னு சொன்னா. இழுக்கல. யோசிக்கல. மூஞ்சியப் பாத்தேன், கழுவிக் கவுத்த தட்டு மாதிரி இருந்துச்சு. சரக்கு இருக்கு!

எனக்கு ஊசின்னா ஆகாதுங்க. பட்டன் தைக்கிற ஊசியப் பாத்தாலே தலை சுத்தும்.

"இரு இரு! என்னமோ வலி விட்ட மாதிரி இருக்கு."

"நெசமாவா?"

"போயே போச்சு!" கட்டில் மேல ஏறி நின்னு குதிச்சே காட்டுனேன்.

"அப்பாடா. சட்டையப் போடுங்க. பீரோ தூக்கும்போது ஃபோன் கீழ விழும், இப்படிக் குடுங்க."

குடுத்துட்டேன்.

தெருவுல கால் வெச்சா, எதிர் வீட்டுக் கதவுல பூட்டு தொங்குது.

"ஏய், டாக்டர் எங்கடி?"

"அவங்க ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆச்சே."

"எனக்கெப்படித் தெரியும்?"

"அந்தப் பூட்டே உங்க கடையில வாங்குனதுதாங்க. 'ஊருக்குப் போறோம், நல்ல பூட்டா குடுங்க'ன்னு டாக்டர் உங்ககிட்டயே சொன்னாராம். நீங்க ஃபோனை விட்டுத் தலையே தூக்கலன்னு டாக்டரம்மா சிரிச்சாங்க."

கிட்டப் போய்ப் பாத்தேன். நம்ம கடைப் பூட்டேதான். நல்ல பூட்டு. என் வாயையும் சேத்துப் பூட்டிடுச்சு.

பீரோவத் தூக்குனோம். மேல் பக்கம் என் சகலை, கீழ்ப் பக்கம் நான். சகலை ஆளு பாதி, மீசை பாதி. "அண்ணே விட்டுறாதீங்க, அண்ணே விட்டுறாதீங்க"ன்னு கத்திக்கிட்டே அவன் விட்டுட்டான். மொத்த பாரமும் என் மேல. மனசு மட்டும் போட்டியில. இந்நேரம் ஆரம்பிச்சிருக்கும். கல்லுமூஞ்சி இடம் காலியாக் கிடக்கும். ஐயோ என் கிரீடம்! பொய்யா வந்த இடுப்பு வலி, பாதிப் படியில நெசமாவே வந்துடுச்சு.

ஒரு வழியா கீழ வந்தா, மூட்டை முடிச்சுக்கு நடுவுல நாற்காலியப் போட்டு என் சம்சாரம் உக்காந்திருக்கா. கையில என் ஃபோன். பக்கத்துல கொழுந்தியா வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறா.

"என்னடி பண்ற?"

"உஷ்! இன்னும் ஒருத்தன்தாங்க மிச்சம். இருக்கிற புள்ளி மொத்தத்தையும் வெச்சுட்டேன்."

எட்டிப் பாத்தேன். அவகிட்ட இருந்தது ஒரு ரெண்டு, ஒரு ஏழு. அதைவிட மட்டமான சீட்டு போக்கர்லயே கிடையாது!

"அடிப்பாவி, போச்சு!"

எதிராளி யோசிச்சான். இழுத்தான். இன்னும் இழுத்தான். கவுத்துப் போட்டுட்டான்! அவன்கிட்ட மிஞ்சின கொஞ்சநஞ்சமும் அடுத்த ஆட்டத்துலயே கரைஞ்சு போச்சு. ஃபோன்ல வாணவேடிக்கை! கல்லுமூஞ்சிக்குப் பக்கத்துல மஞ்சளா ஒரு கிரீடம்!

"ஜெயிச்சுட்டேன்! நான் ஜெயிச்சுட்டேன்!" பீரோவக் கட்டிப் பிடிச்சுக் குதிச்சேன். சகலை ஓடி வந்து கை குடுத்தான். ஃபோனுக்குக் கைய நீட்டுனேன்.

அவ நிமிந்துகூடப் பாக்கல.

"ஜெயிச்சவங்களுக்கு அடுத்த சுத்து இப்பவே ஆரம்பிக்குதாங்க. சத்தம் போடாம மேல போய் அந்தக் கட்டிலைத் தூக்கிட்டு வாங்க."