அங்க நமக்கு ஆள் கீறாரு

வாசகரே, நம் பக்கத்தில் ஓர் இனம் உண்டு. ஆளைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால்தான் தெரியும். பட்டாவில் அப்பா பெயர் தப்பாக விழுந்துவிட்டது, மருமகளுக்கு மாற்றல் கிடைக்கவில்லை, கரண்டு கம்பம் வாசல் பக்கம் சாய்ந்துகொண்டே வருகிறது என்று என்ன கவலையோடு வேண்டுமானாலும் போய் நில்லுங்கள், நீங்கள் பாதி சொல்வதற்குள் அந்த வாக்கியம் வந்து விழும்: "அங்க நமக்கு ஆள் கீறாரு."

முடிந்தது. இனி அந்தக் கவலை உங்களுடையது அல்ல. தீர்ந்ததா என்று கேட்கிறீர்களா? அது வேறு கதை.

எங்கள் விஜயபுரத்தில் இந்த இனத்தின் முதல் வரிசைக்காரர் சிட்டிபாபு. வேர்க்கடலை வியாபாரம். சட்டைப் பையில் பெரிய போன். அந்தப் போனை அவர் காதில் வைத்து யாரும் பார்த்ததில்லை. சுடச்சுட இட்லியை ஏந்துவது போல உள்ளங்கையில் ஏந்தி, ஸ்பீக்கரில் போட்டு, வாய்க்கு நேராகப் பிடித்துத்தான் பேசுவார். பேசுவது ஒருவரோடு, கேட்க வேண்டியது செங்கம்மாவின் டீக்கடை முழுவதும். பேசி முடித்ததும் நம் பக்கம் திரும்பி, "மனவாடே" என்பார். நம்ம ஆளுதான் என்பதைத் தமிழில் சொன்னால் வெறும் பேச்சு. தெலுங்கில் சொன்னால் சீல் குத்தின மாதிரி.

திருப்பதி மலைக்குப் போகிறவர்களுக்காக அங்கே யாருக்கோ போன் போட்டுச் 'சொல்லி வைப்பார்'. அவர்களும் போய், எல்லாரையும் போல வரிசையில் நின்று, எல்லாரையும் போலப் பசித்துக் களைத்து, எல்லாரையும் போலச் சாமி பார்த்து, மொட்டைத் தலையோடு வந்து அவருக்கு லட்டு கொடுப்பார்கள். "நான் சொல்லி வெச்சதால தரிசனம் நல்லா ஆச்சி, பாத்தியா?" என்பார். ஆகவில்லை என்று எவனால் சொல்ல முடியும்? சாமி என்ன நினைக்கும்?

இப்பேர்ப்பட்டவர்தான் எங்கள் கால்பந்துக் குழுவுக்கும் தலைவர். பயிற்சியின்போது விசில் ஊதுவது நான். வருஷா வருஷம் பொங்கலுக்குக் கங்காதர நெல்லூரில் ஏழு பேர் ஆடும் போட்டி நடக்கும். வேன் பிடித்துப் போவோம், தோற்போம், பிரியாணி துன்னுட்டு வருவோம். யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. போன வருஷம்தான் அந்த ஊர்க்காரர்கள் கேரளாவிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஆறு கோல் வாங்கினோம். திரும்பும்போது பிரியாணி தொண்டையில் இறங்கவில்லை.

"அவன் கேரளாவா? நாம வெளிநாடு," என்றார் சிட்டிபாபு.

வெளிநாடு கிடைத்தது புத்தூரில். எங்கள் கேப்டன் வேணு கணுக்கால் பிசகி எலும்புக் கட்டு போடப் போயிருந்தான். பக்கத்தில் விரலில் கட்டோடு, கூரையைத் தொடும் உயரத்தில், ஜாம்பியா நாட்டு இளைஞன் ஒருவன். திருப்பதி பக்கம் ஒரு காலேஜில் பார்மசி கடைசி வருஷம். விரலுக்கு இன்னா ஆச்சி என்று வேணு கேட்டான். ஃபுட்பால் என்றான் அவன். அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவனை விஜயபுரத்துக்குக் கூட்டி வந்துவிட்டான்.

டீக்கடையில் எல்லாருக்கும் கைகூப்பி, ஹாஸ்டல் மெஸ்ஸில் கற்றுக்கொண்ட, தெலுங்கும் தமிழும் கலந்த பாஷையில், "நா பேரு சந்தா," என்றான்.

"ஜாத்திரைக்குத்தான் போன வாரமே குடுத்துட்டேனே, நைனா," என்றாள் செங்கம்மா.

அவர்கள் நாட்டில் அது சாதாரணப் பெயராம். விளங்கியதும் முதலில் சிரித்தவன் சந்தாதான்.

சிட்டிபாபு அண்ணாந்து அவன் உயரத்தைப் பார்த்தார். "சென்டர் பார்வர்டு," என்று தீர்ப்பு சொன்னார். ஆட்டத்துக்குச் சம்பளம், தங்க இடம், வேளைக்குக் கோழிக்கறி என்று அடுக்கினார். சந்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், நான் படிக்கிற விசால வந்தவன். சம்பளம் வாங்கக் கூடாது. கேன்சல் பண்ணித் திருப்பி அனுப்பிடுவாங்க. எங்க அக்கா கருவாடு வித்து என்னைப் படிக்க வெக்கிறாங்க. பர்மிஷன் இல்லாம கிரவுண்டுல கால் வெக்க மாட்டேன். பிராக்டீஸுக்கும் கால் வெக்க மாட்டேன்."

"ஆனா ஆடணும்னு ஆசை கீதா?" என்றான் வேணு.

சந்தா தெருவில் உருண்டுகொண்டிருந்த பந்தைப் பார்த்தான். "காலேஜ்ல எல்லாரும் கிரிக்கெட். நான் சுவத்தோடதான் ஆடறேன்," என்றான். அந்தக் குரலைக் கேட்டு செங்கம்மா அவன் முன்னால் இன்னொரு வடை வைத்தாள்.

உலகச் செய்தி தெரிந்தவன் வேணு. "இது லேசுப்பட்ட விஷயமில்ல அண்ணா. இங்கிலாந்துல பெரிய பெரிய கிளப்பே மாட்டிக்கினு முழிக்குது. பிரேசில் பையன்கிட்ட கையெழுத்து வாங்கிடறாங்க, பர்மிட் வரல. வேற நாட்டு கிளப்புக்குக் கடனாக் குடுத்துட்டு காத்துகினு கீறாங்க."

சிட்டிபாபு இரக்கத்தோடு தலையை ஆட்டினார்.

"பாவம். அவங்களுக்கு அங்க ஆள் இல்ல."

போன் வெளியே வந்தது. சத்தியவேட்டு ஹரிபாபுவுக்குப் போட்டார். "ஹரி, திருப்பதில இந்த வெளிநாட்டுக்காரங்க விசா பாக்கற ஆபீஸ்ல உனக்கு ஆள் கீறாங்களா?"

"இல்லாமயா அண்ணா? ரெண்டு நாள் டைம் குடு."

"மனவாடே," என்றார் எங்களைப் பார்த்து.

ஆள் இவருக்கு அல்லவா இருப்பதாகச் சொன்னார், பின்னே ஹரிபாபு எதற்கு என்று கேட்கிறீர்களா? இந்த இனத்தின் இலக்கணம் உங்களுக்குத் தெரியவில்லை. ஆள் இருக்கிறார் என்றால், ஆள் இருக்கிறவரைத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். ஹரிபாபு நாயுடுபேட்டை முனிகிருஷ்ணனிடம் சொன்னார். முனிகிருஷ்ணன் திருப்பதியிலிருக்கும் தன் சகலையிடம் சொன்னார். சகலை 'விசாரிச்சிகினு' இருந்தார். விஷயம் நல்ல கையில் இருப்பதாக ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு உறுதி கொடுத்தார்கள்.

இதற்கிடையில் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்தது. 'சர்வதேச வீரர் சந்தா வருகிறார்!' கைகூப்பிய சிட்டிபாபு பனைமர அளவில். அவர் முழங்கைக்குக் கீழே, ரேஷன் கார்டு போட்டோ அளவில் சந்தா. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கியவன் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"சார், இதைப் போலீஸ் பாத்தா?"

"போலீஸ்லயும் ஆள் கீறாரு. நீ கம்முனு இரு."

சந்தா கம்மென்றுதான் இருந்தான். நாங்கள் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பான், பந்து வெளியே வந்தால்கூடத் தொடமாட்டான், இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடுவான். வேணுதான் சொன்னான், பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் ஃப்ளெக்ஸ்தான் கண்ணில் நிற்கிறதாம்.

பொங்கலுக்கு முந்தின வாரம். டீக்கடை நிறைந்திருந்தது. சந்தாவும் ஓர் ஓரத்தில் இருந்தான். சிட்டிபாபுவின் போன் அடித்தது; புது நம்பர். வழக்கம் போல ஸ்பீக்கர்.

"வணக்கம் அண்ணா, விஜயபுரம் சிட்டிபாபுங்களா? நான் திருப்பதிலேர்ந்து பேசறேன். நாயுடுபேட்டை முனிகிருஷ்ணனோட சகலை."

"சொல்லுங்க, சொல்லுங்க!" சிட்டிபாபு கடையை ஒரு சுற்று பார்த்தார். பாருங்கள், வந்துவிட்டது என்ற பார்வை.

"ஒண்ணுமில்ல அண்ணா. யாரோ ஒரு வெளிநாட்டுப் பையன், பந்து ஆடறதுக்குப் பர்மிஷன் வேணுமாம். நானும் நாலு இடத்துல கேட்டேன். கடைசியா ஒருத்தர் சொன்னாரு, விஜயபுரத்துல சிட்டிபாபுன்னு ஒருத்தர் கீறாரு, அந்த ஆபீஸ்ல அவருக்குப் பெரிய பழக்கம்னு. கொஞ்சம் சொல்லி முடிச்சிக் குடுக்கணும் அண்ணா."

செங்கம்மா டீ ஆற்றுவதை நிறுத்தினாள். வடைச் சட்டி மட்டும் சொய்யென்று பேசிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் உங்களையும் என்னையும் போன்ற ஒருவன் என்ன செய்வான்? போன் வேலை செய்யாத மாதிரி தட்டிப் பார்ப்பான். அல்லது உண்மையைச் சொல்லிவிடுவான். சிட்டிபாபு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆமா. அங்க நமக்கு ஆள் கீறாரு. நான் பாத்துக்கறேன்," என்றார்.

சந்தா எழுந்தான். வேணுவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அந்த ஆபீஸ் எங்க இருக்கு?"

யோசித்துப் பாருங்கள், இத்தனை நாளாக எங்களில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை.

மறுநாள் அவன் காலேஜ் பிரின்சிபாலிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டு, நேராக அந்த ஆபீஸுக்குப் போய், டோக்கன் எடுத்து, முறை வந்ததும் கேட்டுவிட்டான். சாயங்காலம் வேணுவுக்குப் போன் வந்தது. "ஒரு மேடம் இருந்தாங்க. சம்பளம் கூடாது, ஒப்பந்தம் கூடாது, பரிசுப் பணத்துல பங்கு கூடாதுன்னாங்க. ஒண்ணுமே வாங்காம, பண்டிகைக்கு ஃப்ரெண்ட்ஸோட சும்மா ஆடறதுன்னா ஆடிக்கோன்னாங்க. அப்பறம், பரீட்சைக்குப் படிக்கிறியான்னு திட்டினாங்க."

சிட்டிபாபு பதறிப்போனார். "யாரையும் பாக்காம நேரா போயிட்டானா? கவுண்டர்லயே கேட்டானா?" கிணற்றில் விழுந்தவனைப் பற்றி விசாரிப்பது போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தெளிந்தார். "அந்த சகலைக்கு நான் சொன்னேன் பாரு, அது வேலை செஞ்சிருக்கு."

பொங்கலன்று கங்காதர நெல்லூர் பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. சிட்டிபாபுவின் மனைவி மனோரமாவும் எங்கள் வேனில் வந்திருந்தாள். அவள் தம்பி பாபுதான் எங்கள் கோல்கீப்பர். எப்படி ஆனான்? அணியிலும் அவனுக்கு ஓர் ஆள் இருந்தார். அவன் அக்காள் புருஷன். போன வருஷத்து ஆறு கோலையும் அன்போடு உள்ளே அனுப்பிவைத்தவன் அவன்தான்.

விசில் ஊதும் நேரம். சந்தா நேராகக் கோல் கம்பத்துக்கு நடந்தான்.

"டேய், அங்க எங்க போற? முன்னாடி போய் நில்லு!" என்று கத்தினார் சிட்டிபாபு.

"நான் கோல்கீப்பர், சார்."

"கோல்கீப்பரா? இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"நீங்க எல்லாரையும் கேட்டீங்க சார். என்னைக் கேக்கல."

சிட்டிபாபுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கம்பத்தில் ஏற்கெனவே மச்சான் நிற்கிறான். எல்லைக்கோட்டில் மனைவி நிற்கிறாள். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. ஆனால் யாருக்குப் போடுவது? கலெக்டரிடம் சொல்லிவைக்கலாம், மந்திரியிடம் சொல்லிவைக்கலாம். மனோரமாவிடம் சொல்லிவைக்க ஆள் உண்டா?

மனோரமாவே குரல் கொடுத்தாள். "டேய் பாபு! அந்த கிளவுஸைக் கழட்டி அவங்கிட்ட குடுடா! ஆறு வாங்கினது போதாதா?"

பாபு கழற்றிய வேகத்தைப் பார்த்தால் அது கிளவுஸா, விலங்கா என்று சந்தேகம் வரும். "எனக்கு முன்னாடி ஆடத்தான்கா ஆசை! மாமாதான் கம்பத்துல நிக்க வெச்சாரு!"

சந்தாவின் கை கிளவுஸுக்குள் போகவில்லை. வெறுங்கையோடு நின்றான். இந்த வருஷமும் வந்திருந்த கேரளாக்காரர்கள் அடித்தார்கள், அடித்தார்கள், அப்படி அடித்தார்கள். அவன் இந்தப் பக்கம் பாய்ந்தான், அந்தப் பக்கம் பாய்ந்தான், செம்மண்ணில் புரண்டு எழுந்து பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பல வருஷம் பார்க்காத சொந்தக்காரனைப் பார்த்தது போலச் சிரித்தான். பாதி ஆட்டத்துக்கு மேல் அந்த ஊர்க்காரர்களே அவனுக்குக் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் வேணு அடித்த பந்து யார் மேலோ பட்டு, திரும்பி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பாபுவின் முதுகில் மோதி உள்ளே போயிற்று. என்ன நடந்தது என்று பாபுவுக்கு நாங்கள்தான் சொன்னோம்.

ஜெயித்தோம். ஆமாம் வாசகரே, நாங்களேதான்.

மேடையில் மைக் சிட்டிபாபுவிடம் போயிற்று. "திருப்பதி ஆபீஸ்ல நம்ம ஆள் மூலமா சொல்லி, ஸ்பெஷலா பர்மிஷன் வாங்கி..." என்று ஆரம்பித்தார். கூட்டம் கை தட்டியது. வேணு என்னைப் பார்த்தான். நான் விசிலைப் பார்த்தேன். சந்தாவும் கை தட்டினான். அவன் அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, மண் அப்பிய முகத்தைக் காட்டிக்கொண்டே தட்டினான்.

திரும்பும் வழியில் பிரியாணிக் கடை. இலையில் வந்து விழுந்ததைச் சந்தா தொடவில்லை. "ஒண்ணுமே வாங்கக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்க. பிரியாணி சம்பளத்துல சேருமா?" என்றான் கவலையாக.

நல்ல கேள்வி. சிட்டிபாபு போனை எடுத்தார். "இரு, இதுக்கு அங்க நமக்கு..."

"நீ துன்னுடா கண்ணு," என்று சந்தாவின் இலையில் இன்னொரு முட்டையை வைத்துவிட்டு, புருஷன் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள் மனோரமா.

இப்போது நகரியிலிருந்தெல்லாம் விசா விஷயமாக சிட்டிபாபுவைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். ஒருவரையும் அவர் இல்லை என்று திருப்பி அனுப்புவதில்லை.

சிரித்தீர்களா? நல்லது. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். சந்தா அந்த ஆபீஸில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தான் என்று படித்தபோது, 'அடடா, முன்னமே தெரிந்திருந்தால் சொல்லியிருக்கலாமே, நம்ம ஒன்றுவிட்ட மைத்துனரோடு படித்தவர் ஒருத்தர் அந்தப் பக்கம்தானே...' என்று உங்கள் மனசு ஒரு நிமிஷம் ஓடியதா?

ஓடியதா? அவர் நம்பரைக் கொஞ்சம் அனுப்பிவையுங்கள். எங்கள் தெருவில் கரண்டு கம்பம் இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது.