டிரவுட்டுக்குப் போன ஜமால்தீன்

ஜமால்தீன் தன் வாழ்க்கையில் எடுத்த தீர்மானங்கள் எல்லாம் மனைவி மஸீஹாவின் கையால் அடக்கம் செய்யப்பட்டவை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் எடுத்த தீர்மானம் வேறு ரகம். படகு இந்த வீட்டைவிட்டுப் போகாது. வேண்டுமானால் தான் போவார்.

"எப்ப போறீங்க?" என்று கேட்டாள் மஸீஹா, சோற்றில் ஆணத்தை ஊற்றியபடி.

படகுக்கு ஒரு கதை உண்டு. சுதந்திரம் கிடைத்து, வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். ரிவர்ஸ்டன் பக்கம் குருவிமலைத் தோட்டத்துத் துரையும் மூட்டை கட்டினார். அவருடைய பியானோவை ஒருவர் வாங்கினார். குதிரையை ஒருவர் வாங்கினார். பங்களாவுக்கு ஏலக்காயும் மிளகும் கொண்டுபோய்க் கொடுத்துவந்த ஜமால்தீனின் தோளில் கைபோட்டு, துரை இந்தப் படகைச் சும்மா கொடுத்தார். சும்மா கொடுத்தும் வேறு யாரும் வாங்காத சாமான் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

மரச்சட்டத்தின்மேல் கித்தானை இழுத்துக் கட்டிய ஒடுங்கலான படகு. நடுவில் ஒரு ஓட்டை. அதற்குள் காலை நீட்டி ஒரே ஒரு ஆள் உட்காரலாம். இரண்டு நுனியிலும் தட்டையான ஒற்றைத் துடுப்பு.

"இதுக்குப் பேர் கயாக்" என்று முதல் நாள் பெருமையாகச் சொன்னார் ஜமால்தீன்.

"காயாக்கா? எப்ப பழமாகும்?" என்றாள் மஸீஹா.

அது பழமாகவில்லை. மாத்தளை கொங்காவலையில் இருந்த அவர்களுடைய சின்ன வீட்டின் முன்ஹாலில், சுவருக்குச் சுவர் நீட்டிப் படுத்துக்கொண்டது. மஸீஹா தையல்காரி. சட்டை தைக்க வரும் பெண்கள் படகைத் தாண்டித்தான் அளவு கொடுக்கவேண்டும். ஒரு கர்ப்பிணி தாண்டமுடியாமல் வாசலிலேயே நின்று அளவு கொடுத்துவிட்டுப் போனாள். தையல் மெஷினோ குசினிக்குள் ஒதுங்கிக் கிடந்து, தைக்கிற சட்டைக்கெல்லாம் கருவாட்டு வாசம் ஏற்றிக்கொண்டிருந்தது.

ஜமால்தீனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. பகல் முழுக்க அவர் புஹாரி ஹாஜியாரின் கடையில், ஹாஜியாரின் கண்ணுக்கு முன்னால் மிளகு நிறுக்கிறவர். இரவானால் மஸீஹாவின் கண்ணுக்கு முன்னால் மூச்சு விடுகிறவர். இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இடமுள்ள ஓர் இடம் அந்த ஓட்டைதான். அதை விட்டால் அவருக்குக் கபுர்க்குழிதான் மிச்சம்.

ஆகவே ஒப்பந்தம் பேசினார்கள். குருவிமலைத் தோட்டத்துக் குளத்தில் துரை எப்போதோ சீமையிலிருந்து குஞ்சு கொண்டுவந்து விட்ட மீன் இருக்கிறது. பெயர் டிரவுட். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் அதில் ஒன்றை ஜமால்தீன் தன் கையால் பிடித்து வரவேண்டும். அது மஸீஹாவின் சட்டியில் ஏறிவிட்டால் படகு ஹாலிலேயே இருக்கும், அவள் வாய் திறக்கமாட்டாள். ஏறாவிட்டால் படகு வெளியே.

மஸீஹா உடனே சரி என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் உடனே சரி என்றதில்லை. ஜமால்தீன் அங்கேயே உஷாராகியிருக்கவேண்டும். சந்தோஷத்தில் இன்னொரு கோப்பை டீ கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழனிமுத்து ஓட்டும் தோட்டத்து லொறி அரிசி ஏற்றிக்கொண்டு மேலே போகும், பொழுது சாய இறங்கும். அதன் மண்டையில் படகைக் கட்டிக்கொண்டு ஜமால்தீன் போனார். முதல் கிழமை படகுக்குள் ஏறவே மத்தியானமாகிவிட்டது. அவர் ஒரு காலை வைத்தால் அது அடக்கமாக நிற்கும். மற்றக் காலை எடுத்தால் திரும்பிப் படுத்துக்கொள்ளும். வீட்டிலும் அவருக்கு இதே அனுபவம் என்பதால் கோபப்படவில்லை. அடுத்த கிழமை ஏறிவிட்டார். கச்சான் காற்று அவரைக் குளத்தின் நடுவில் வைத்துப் பம்பரம்போல் சுற்றியது. தூண்டில் அவருடைய தொப்பியைத்தான் பிடித்தது.

கோடையில் அந்த மீன் கரைக்கு வராது, குளிர்ச்சி தேடி நடுக்குளத்து ஆழத்துக்கு இறங்கிவிடும், ஈயத்தைக் கட்டித் தூண்டிலை அடிவரைக்கும் விடு என்று துரை சொல்லித்தான் போயிருந்தார். அது ஜமால்தீனுக்குப் பெருநாளுக்கு முந்திய கடைசி ஞாயிறு, நம்பிக்கையெல்லாம் வற்றிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. விட்டார். அழுகைகூட வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நூல் இழுத்தது. படகு அரைவட்டம் அடித்தது. ஜமால்தீன் தனக்குத் தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதினார். புள்ளி விழுந்த, முழங்கை நீள மீன் ஒன்று அவர் மடியில் வந்து துள்ளியது.

லொறியிலிருந்து படகை இறக்கி வாசலில் வைத்துவிட்டு, உமல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் உள்ளே போனபோது, ஹாலில் புஹாரி ஹாஜியார் உட்கார்ந்திருந்தார்.

ஹாஜியாருக்கு ஒரு காது மந்தம். மற்றக் காதில் வியாபாரம் மட்டும்தான் நுழையும். கடந்த ஞாயிறுகளில் அவர் இந்த வழியாகப் போகும்போது, ஜமால் எங்கே என்று விசாரித்திருக்கிறார். மஸீஹா குடும்பப்பெண் அந்நிய ஆணிடம் பேசுகிற முறையில், திரைக்குப் பின்னால் நின்று, குரலைத் தாழ்த்தி, அவர் டிரவுட்டுக்குப் போயிருக்கிறார் என்று பதில் சொல்லியிருக்கிறாள். குரல் எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு அந்தச் சொல் ஹாஜியாரின் காதில் திருட்டாகிவிட்டது.

"ஜமால், இந்த வயசில ஒனக்கு எதுக்கு இந்த வேல?" என்றார் ஹாஜியார், கவலையோடு.

மீனைத்தான் சொல்கிறார் என்று ஜமால்தீன் நினைத்தார். "சின்ன வயசிலருந்தே ஆசை, ஹாஜியார்."

"தனியாவா போற?"

"தனியாத்தான். ரெண்டு பேர் போனா சத்தம் கேட்டு உசாராகிரும்."

ஹாஜியார் கண்ணை மூடித் திறந்தார். "எங்க?"

"குருவிமலைத் தோட்டத்தில."

"அங்கத்தைய புதுத் தொரைக்குத் தெரியுமா?"

"அவருக்கெங்க தெரியும்? பங்களா அங்கிட்டு, நான் இங்கிட்டு."

"இது எத்தன காலமா நடக்குது?"

"போறது கொஞ்ச நாளாத்தான். ஆனா இன்டைக்குத்தான் கையில அம்பிட்டிச்சு" என்று பையைத் தட்டிக் காட்டினார் ஜமால்தீன்.

ஹாஜியாரின் குரல் உடைந்தது. "உண்மையச் சொல்லு. என்ட ஏலக்காய்க் கிட்டங்கிக்குள்ளயும் நீ இதைச் செஞ்சியா?"

"அங்க எப்படி ஹாஜியார்? தண்ணி வேணுமே."

பிறகு ஜமால்தீன் பையைத் திறந்தார். மீனைக் கண்டதும் ஹாஜியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். ஜமால்தீனும் சிரித்தார். அவர் அன்று சிரித்தது அதோடு சரி.

"ஹாஜியார், மார்க்கத்தில ஒரு மஸ்அலா கேக்கணும்" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். இந்தத் தடவை அது தாழவில்லை. "தோட்டத்துக் குளத்து மீன் இது. இவர் யார்கிட்டயும் கேக்கல்ல. பிடிச்சிட்டு வந்துட்டார். இதை நான் சட்டியில போடலாமா?"

ஹாஜியார் பள்ளிவாசல் டிரஸ்டியும்கூட. தாடியைத் தடவினார். சிரிப்பு போய்விட்டது.

"நீ தொரைகிட்டக் கேட்டியா, ஜமால்?"

படகைத் தந்த துரை மீனையும் தந்தமாதிரித்தானே என்று ஜமால்தீன் இழுத்தார். தந்தவர் கப்பலேறிவிட்டார், குளம் ஏறவில்லை என்றார் ஹாஜியார்.

"கேக்காம எடுத்தா அதுக்குப் பேர் என்ன?"

ஜமால்தீனுக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு சொல்தான் வாயில் வந்தது. "டிரவுட்டு."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் ஹாஜியார்.

மீன் சட்டியில் ஏறாது, மன்னிப்புக் கேட்டுச் சொந்தக்காரருக்கே திருப்பி அனுப்பவேண்டும் என்று தீர்ப்பானது. அதோடு விட்டிருக்கலாம். மஸீஹாவுக்கு மனச்சாட்சி உறுத்தியது. உயிரோடு இருந்ததை எடுத்துவிட்டுச் செத்ததைத் திருப்பிக் கொடுப்பது சரியா, கூட ஏதாவது வைத்துக் கொடுக்கவேண்டாமா என்று கேட்டாள். ஹாஜியார் அதைப் பெரிய மனசு என்றார்.

"எங்க வீட்டில பெறுமதியான சாமான்னா அந்தப் படகு ஒன்னுதான்" என்றாள் மஸீஹா. அவள் அதைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

ஜமால்தீன் வாயைத் திறந்தார். பெருநாள் நேரத்தில் ஹராமான பொருளுக்காக வாதாடுகிற மனுஷனை ஹாஜியார் ஏறிட்டுப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று பழனிமுத்துவை மஸீஹா நிறுத்தி வைத்திருந்த காரணமும் அப்போதுதான் விளங்கியது. கயிறு இன்னும் லொறியின் மண்டையிலேயே இருந்தது. படகு ஏறியது. மீனும் ஏறியது. ரத்தோட்டைப் பாதையில் லொறியின் பின்விளக்கு மறையும்வரை ஜமால்தீன் தெருவில் நின்றார். பெற்ற பிள்ளையைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தால்கூட அவருக்கு அப்படி இருந்திராது.

பெருநாள் கழித்துப் பழனிமுத்து வந்தான். ஹாலில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நானா, படகைப் பார்த்துத் தொரைக்கு ரொம்ப சந்தோசங்க. பிள்ளைங்க அதுலதான் கெடக்குதுங்க. ஆனா எதுக்கு மன்னிப்புன்னு அவருக்கு வெளங்கலையாம்."

"கேக்காமப் பிடிச்சதுக்குத்தான்" என்றார் ஜமால்தீன், தரையைப் பார்த்து.

"அதான் கேட்டாச்சே. தொரை வீட்டு நோனாவுக்குச் சட்டை தைச்சுக் கொண்டுவந்தப்ப ஒங்க சம்சாரம் கேட்டாங்களாம். எவ்வளவு வேணும்னாலும் பிடிச்சுக்கட்டும்னு தொரை போன மாசமே சொல்லி அனுப்பினாராமே."

மெஷின் நின்றது. ஜமால்தீன் மெதுவாகத் திரும்பினார். மஸீஹா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துத் துணியில் குத்தினாள்.

"காவல்காரன் ஒங்களப் பிடிச்சு வச்சுக்கிட்டா என்ன செய்றது? அந்தப் பயத்தில கேட்டு வச்சேன்."

"அதை ஏன் புள்ள என்கிட்டச் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லையே" என்றாள் மஸீஹா.